ராத்திரி மாத்திரை

“மாத்திரை கேக்கலைன்னா ஏன் கேக்கலைன்னு சொல்லுங்க டாக்டர். சும்மா அளவைக் கூட்டிக்கிட்டே போனா எப்படி?”

அம்மா மேசைக்கு அடியில் மகளின் தொடையைக் கிள்ளினாள். ‘டாக்டர்கிட்ட மட்டும் ஏன், எதுக்குன்னு கேட்டுடாதேடீ, கோவிச்சுக்குவார்’ என்று வாசலிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

டாக்டர் பேனாவை மூடினார். “நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“மருத்துவம் இல்ல. ஆனா எங்க வீட்டுல முதல் பட்டம் என்னோடது. வாயைப் பொத்திக்கிட்டுச் சீட்டு வாங்கிட்டுப் போற பழக்கமெல்லாம் எங்கப்பாவோட போச்சு.”

அப்பாவுக்கும் இதே ரத்த அழுத்தம்தான். ஒருநாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. இப்போது அவளுக்கென்று மிச்சம் அம்மா ஒருத்திதான். ராத்திரி வேலை முடிந்து வந்து, ஹாஸ்டலில் தூக்கம் பிடிக்காத பகல்களில், அம்மா முதுகோடு ஒட்டிச் சுருண்டு படுக்க மாட்டோமா என்று ஏங்கிக் கிடப்பாள். அதற்காகவே ஓடி வந்தால், அம்மா பாதியாக இளைத்துக் கிடக்கிறாள்.

“மாத்திரையை ஒழுங்காப் போடுறாங்களா?” என்றார் டாக்டர்.

“எங்கம்மாவா? நீங்க கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டாங்க.”

அவர் அம்மா பக்கம் திரும்பினார். “எப்படிப் போடுறீங்கம்மா? நீங்களே சொல்லுங்க.”

“காலையில சாப்பிட்டதும் ஒண்ணு. அது தவறாது சார்.”

“ராத்திரி?”

அம்மா முந்தானை நுனியைத் திருகினாள். “அதையும் சாப்பிட்ட பிறகுதானே போடச் சொன்னீங்க? வெறும் வயித்துல கூடாதுன்னீங்களே...”

“அப்ப போடுறதே இல்லையா?” அவள் பாய்ந்தாள். “ராத்திரி சாப்பிட என்ன கேடு உனக்கு? வீட்டுல சோறு இல்லையா?”

“கத்தாதேடீ. சமைச்சு மூடித்தான் வெக்கிறேன்.”

டாக்டர் புதுச் சீட்டைக் கிழித்துப் போட்டார். “கூட்டினது வேண்டாம். பழைய அளவே போதும். முதல்ல அதைத் தவறாமப் போடட்டும்.”

“அப்புறம் ஏம்மா சாப்பிடல?” என்று அம்மா பக்கம் திரும்பினாள் அவள்.

“நீ சாப்பிட்டியான்னு தெரியாம எனக்கு என்னைக்குடீ தொண்டையில இறங்கியிருக்கு? ராத்திரி வேலை, போனைத் தொடக் கூடாதுன்னுட்டே. கூப்பிட மாட்டியான்னு பாத்துக்கிட்டே அப்படியே தூங்கிடுவேன்.”

அவள் எழுந்து, கம்பெனி மேலாளரின் எண்ணை அழுத்திக்கொண்டே கதவைத் தள்ளி வெளியே நடந்தாள்.

“சார், ராத்திரி வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க.”