காதுக்குள் ஒரு குரல்

தொலைக்காட்சியில் பங்குச் சந்தை நிகழ்ச்சி நடத்தும் மதிவதனியின் காதுக்குள் பதினாறு ஆண்டுகளாகப் பேசிவருபவன் அவள் கணவன், தயாரிப்பாளர் ஜெயசீலன். காதலைக்கூட அந்த இயர்பீஸில்தான் சொன்னான். நேரலையிலேயே அவள் முகம் சிவந்துபோனது.

இன்று எதிரே அமர்ந்திருந்த நிறுவன அதிபர், தம்முடைய புதிய பங்குகளை மக்கள் நம்பி வாங்கலாம் என்றார்.

"நேத்து உங்க ஃபேக்டரியப் பார்க்கப் போனேன் சார். வெறும் பொட்டல். ரெண்டு ஆடு மேயுது," என்றாள் மதிவதனி.

"மதி, அத விடு. நமக்கு ஸ்பான்சரே அவருதான்டி," என்றான் ஜெயசீலன் காதுக்குள்.

அவள் இயர்பீஸைக் கழற்றி, புடவையில் குத்தியிருந்த மைக்கோடு சேர்த்துப் பிடித்தாள். கட்டுப்பாட்டு அறையில் விளம்பரப் பட்டியலில் குனிந்திருந்த ஜெயசீலன் கவனிக்கவில்லை.

"வாங்குறவன் தலையெழுத்து, நமக்கென்ன? சிரிடி!"

எல்லா வீடுகளிலும் அது கேட்டது. மதிவதனி கையை எடுக்கவில்லை.