வெர்னெல் வந்திருக்கிறாள்

“நெஞ்சு வலிக்குது, டெலோரிஸ். வீட்டுக்குப் போயிடலாம்” என்றார் ஐவரி கிரம்ப். தேவாலயக் கழிப்பறையின் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, ஜன்னல் தன் உடம்பை வெளியே விடுமா என்று பார்த்தார். விடாது.

“எந்தப் பக்கம் வலிக்குது?” என்று மகள் வெளியிலிருந்து கேட்டாள்.

“வலது பக்கம்.”

“நெஞ்சு வலி இடது பக்கம் வரும்ப்பா. வெளியே வாங்க.”

தேவாலயத்துக்கு முன்னால் ஊரே நின்றது. மிசிசிப்பியின் ஆகஸ்ட் வெயிலில், சவப்பெட்டிக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த அட்டை விசிறியை ஆளுக்கொன்று ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கெளுத்தி மீன் வறுபடும் வாசனை கழிப்பறை வரை வந்தது. சாலையோரத்தில் நீலத் துணி போர்த்திய இரும்புப் பலகை நின்றது. அதில் அவர் பெயர். அறுபது வருஷத்துக்கு மேல் ப்ளூஸ் என்கிற சோகப் பாட்டுகள் பாடியவருக்கு ஊர் செய்யும் மரியாதை.

காலையில் சந்தோஷமாகத்தான் கிளம்பினார். காரை விட்டு இறங்கியதும் மேயர் ஓடிவந்தார். “உங்களோட சேர்ந்து துணியை இழுக்க சிகாகோவிலிருந்து யார் வந்திருக்காங்க தெரியுமா? மிஸ் வெர்னெல்! பாட்டுல வர்ற அதே வெர்னெல்!”

அப்போது கழிப்பறைக்குள் புகுந்தவர்தான்.

டெலோரிஸ் கதவில் சாய்ந்துகொண்டாள். “எதுக்குப் பயப்படறீங்க? அம்மாதான் போய்ச் சேர்ந்துட்டாங்களே. இனிமே யாரு உங்களை அடிக்கப்போறாங்க?”

“என்ன உளர்றே?”

“‘வெர்னெல், கதவைத் திற’ன்னு நீங்க ஆரம்பிச்சாலே அம்மா இரும்புச் சட்டியைத் தூக்கிட்டு வருவாங்களே. யாரு அந்த வெர்னெல்னு சாகிற வரைக்கும் கேட்டாங்க. இப்ப ஆளே நேர்ல வந்து நிக்குது. வெர்னெல் ஹாப்ஸ்னு சட்டையில சீட்டுக் குத்தியிருக்கு. கெழவி இன்னும் அழகாத்தான் இருக்கா, உங்களைச் சொல்லிக் குத்தமில்ல.”

ஹாப்ஸ். மறுபடி கல்யாணம் செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தார்.

அந்தப் பெண்ணை அவர் பார்த்ததே இல்லை. அவள் அசல் ஐவரி கிரம்ப்பின் மனைவி. இவருடைய நிஜப் பெயர் ஹோமர் டிக்ஸ்.

பருத்திக் காட்டிலிருந்து கிடாரோடு ஓடிப்போன வயதில், ஆற்றுக்கு அக்கரையில், சாராயமும் ஆட்டமுமாக ஒரு கொட்டகை. இன்று ஐவரி கிரம்ப் பாடுகிறார் என்று வாசலில் எழுதியிருந்தார்கள். ஐவரி கிரம்ப் வரவில்லை. அந்த வாரம் ரயிலில் அடிபட்டுச் செத்துப்போயிருந்தார். அது பிறகுதான் தெரிந்தது. இசைத்தட்டில் குரலைக் கேட்டவர்கள்தான் எல்லோரும், முகத்தை யாரும் பார்த்ததில்லை.

“நீதானே கிரம்ப்?” என்று கொட்டகைக்காரன் கேட்டான். பசி. “ஆமாம்” என்றார். செத்தவரின் பாட்டைச் செத்தவரின் குரலிலேயே பாடினார். அந்த ஒரு ‘ஆமாம்’ இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறகு சொந்தமாக எத்தனையோ பாட்டுக் கட்டினார். அவையும் கிரம்ப் பாட்டுகள்தான். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவள் டெலோரிஸ் கிரம்ப். மனைவியின் கல்லறையிலும் கிரம்ப் என்றுதான் வெட்டியிருக்கிறது. இன்று வெளியே நிற்கும் அந்த அம்மாள் வாயைத் திறந்தால், உயிரோடு இருப்பவர்களுக்கும் பெயர் இல்லை, செத்தவளுக்கும் இல்லை.

“அப்பா, பாதிரியார் கதவை இடிக்கிறதுக்குத் தோளைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கிறார். அவருக்கும் வயசாச்சு. பாவம் பாருங்க.”

அவர் தாழ்ப்பாளை நீக்கினார்.

வெயிலுக்கு வந்ததும் கூட்டம் விசிறிகளை உயர்த்தி ஆரவாரம் செய்தது. “செத்தாத்தான்டா பலகை வைப்பானுங்க! நீ எப்படிடா ஏமாத்தினே, கிரம்ப்?” என்று கத்தினான் பழைய மேளக்காரன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். டெலோரிஸ் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊதாத் தொப்பி வைத்த அந்த அம்மாள் கைத்தடியோடு பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கண்ணிமைக்காமல் அவர் முகத்தையே பார்த்தார்.

மேயர் கயிற்றை இருவர் கையிலும் கொடுத்துவிட்டு ஒலிபெருக்கியை நீட்டினார். “சொல்லுங்க மிஸ் வெர்னெல்! ஐவரி அந்தக் காலத்துல எப்படி?”

“முதல்ல துணி. அப்புறம் பேச்சு” என்று அம்மாள் அதைத் தள்ளிவிட்டார்.

அப்புறம் பேச்சு. அவருக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. முதல் வரிசையில் டெலோரிஸ் கைக்குட்டையோடு தயாராக நின்றாள், சந்தோஷத்தில் அழுவதற்கு.

குனிந்தார். தொப்பியின் ஓரத்துக்கடியில் வாயைக் கொண்டுபோனார்.

“உங்க கால்ல விழறேம்மா. மைக்குல சொல்லிடாதீங்க. என் பொண்ணுக்குத் தெரியாது. அவ அம்மாவும் தெரியாமலே போயிட்டா.” மூச்சு வாங்கியது. “நான் ஐவரி கிரம்ப் இல்லம்மா.”

அம்மாள் கயிற்றைச் சுண்டி இழுத்தார். துணி சரிந்தது. கைதட்டல் காதை அடைத்தபோது அம்மாள் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

“ரயில்ல அடிபட்டுச் செத்த எங்க வீட்டுக்காரர் ஹாப்ஸும்தான் ஐவரி கிரம்ப் இல்ல, கண்ணு.”