ரேகை படியும்

பாரிவாக்கத்தில் ரெனிஷ் கட்டிய புது வீட்டில், ஹாலின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி என்று பங்குக் கோயில் ஜனங்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

வீடு மந்திரிக்க ஃபாதர் வந்த அன்று, அதன் முன்னால் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்துக் காவல் நின்றான்.

"யாரும் கை வெக்காதீங்க! ரேகை படிஞ்சா போவாது!"

சொந்தக்காரர்கள் தோட்டத்தில் நின்றே வாயைப் பிளந்தார்கள். தங்கை புருஷன் பெலிக்ஸ் மட்டும் குறை கண்டுபிடிக்காமல் சாப்பிடுவதில்லை என்று வந்திருந்தான். போன மாதம்தான் அவனும் தன் வீட்டு மாடியில் கண்ணாடிச் சுவருக்குத் திறப்பு விழா நடத்தியிருந்தான்.

"இன்னா மச்சான், ஒரு கீறல்கூட காணோம்?"

"வெளிநாட்டு சரக்கு மச்சான்!"

"என் ஊட்டுது மாதிரியேதான் கீது. நானும் ஒருத்தரையும் கிட்ட சேக்கல."

உள்ளே ஃபாதர் ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இதுதான் சமயமென்று பெலிக்ஸ் வெளியிலிருந்து தொட்டிகளுக்கு மேல் எட்டி, மூக்கை நீட்டித் தூசி தேடினான்.

ஃபாதர் உள்ளேயிருந்து கண்ணாடிச் சுவரைப் பார்த்துத் தீர்த்தத்தை வீசித் தெளித்தார்.

அத்தனையும் பெலிக்ஸின் முகத்தில் விழுந்தது.

ரெனிஷ் பாய்ந்து வந்து அவன் கையைப் பிடித்துக் கிசுகிசுத்தான். "கண்ணாடி இன்னும் வரல மச்சான்! ரெண்டு வாரமா பாடி பாலத்தாண்ட லாரி நிக்குதுன்றான் கடைக்காரன். மானத்த வாங்கிடாத!"

பெலிக்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தான்.

"எனக்கும் அதே கடைதான் மச்சான். மூணு மாசமா அதே பாலத்தாண்டதான் நிக்குதாம்."