பெய்லா கேட்ட மன்னிப்பு

புளோரிடாவுக்குக் குடிபோயிருந்த பெய்லா, பண்டிகைக்குத் தன் பழைய ஊரான ராக்லண்ட் கவுண்டிக்கு வந்திருந்தாள். யோம் கிப்பூர் நோன்புக்கு முன் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பது யூதர்களின் வழக்கம். நோன்பு தொடங்குவதற்குள், பழைய தோழி ரெய்சலின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“என்னை மன்னிச்சிடு, ரெய்சல்.”

“மன்னிச்சாச்சு! எதுக்குன்னுகூடக் கேட்க மாட்டேன். உள்ள வா, சூப் கொதிக்குது.”

“இல்லடி, சொன்னாத்தான் மனசு ஆறும். போன வருஷம் உன் வீட்டுக்காரருக்கு வேலை போனதை ஜெப ஆலயத்துல சொன்னது நான்தான். தினமும் கோட்டு சூட்டோட சூப்பர் மார்க்கெட் வாசல்ல கார்லயே உட்கார்ந்திருந்தார். பார்த்துட்டு என் வாய் சும்மா இருக்கல.”

ரெய்சலின் முகம் வெளுத்தது.

“நீயா? என் தங்கச்சி மல்காகிட்ட மட்டும்தான் அதைச் சொல்லியிருந்தேன். அவதான் பரப்பிட்டான்னு பேச்சையே நிறுத்திட்டேன். போன நோன்புக்கு இதே வாசல்ல நின்னு, ‘நான் சொல்லலக்கா’ன்னு அழுதா. நான் கதவைத் திறக்கவே இல்ல.”

பெய்லா பதறினாள். “ஐயோ! கிளம்பு, இப்பவே போகலாம். அவகிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன்.”

ரெய்சல் அடுப்பை அணைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

“சீக்கிரம் வா. கல்லறைத் தோட்டத்தை இன்னிக்கு முன்னாடியே பூட்டிடுவாங்க.”