திருட்டுக் குட்டி

“திருடி! இவ்வளவு கொட்டிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்தது ஒரு திருடியை! இன்னிக்கு இவளை வெளியே அனுப்பலேன்னா நான் கத்தரிக்கோல் பிடிக்கறதையே விட்டுடறேன்!”

மாஸ்டருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்திருந்தது. பீரோவுக்குப் பின்னாலிருந்து அவர் வாரி எடுத்ததெல்லாம் பச்சைக் குழந்தைகளுக்குத் தைத்த துணிக் காலுறைகள். அவர் வெட்டி, மனைவி தைத்து, ஜோடி குறைகிறது என்று கடைக்காரரிடம் திட்டு வாங்கிய அதே காலுறைகள்.

திருடி, தையல் மிஷினுக்கு அடியில் படுத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடுகிற நாய்க்குட்டி. கண் இரண்டும் கறுப்புச் சட்டைப் பொத்தான் போலிருந்ததால் பொத்தான் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

“கடிச்சாளா, கிழிச்சாளா? எடுத்து வெச்சு நக்கிட்டுத்தானே இருந்தா? நாலு மாசக் குழந்தை, விளையாடுறா. விடுங்களேன்” என்றாள் மனைவி.

“இது விளையாடி நீ பார்த்திருக்கியா? பொழுதன்னைக்கும் தூக்கம்! புது ஓவர்லாக் மிஷினுக்குச் சேர்த்த காசு அத்தனையும் இந்தச் சுண்டெலிக்குப் போச்சு. மிஷின் வந்திருந்தா தைச்சுக் கொடுத்திருக்கும். இது தைச்சதைத் திருடுது!”

அரிய ஜாதி, ஆயிரத்தில் ஒன்று, ராஜா வீட்டு நாய் என்று விற்றவன் அடுக்கியதில் மனைவி சொக்கிப்போயிருந்தாள். வந்த பிறகு அதற்குத் தனித் தீனி, தனி சோப்பு. யானையைக் கட்டித் தீனி போட்டாலாவது தெருவே நின்று வேடிக்கை பார்த்திருக்கும்.

“இதுக்கு மேல ஒரு நூல்கூட வளராது மாஸ்டர். வளர்ந்தா முழுக் காசும் வாபஸ்” என்று அவன் சத்தியம் பண்ணியிருந்தான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் தினமும் காலையில் இஞ்சு டேப்பும் கையுமாக உட்கார்ந்து, மூக்கிலிருந்து வால்வரை அளந்தார். “வளர்ந்து தொலையேன்” என்று கெஞ்சியும் பார்த்தார்.

பாழாய்ப்போனது, நூலளவும் வளரவில்லை. விற்றவன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யோக்கியனாக இருந்தது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவனுக்குப் போன் போட்டார். “யோவ், உன் நாய் திருடுதுய்யா! வந்து எடுத்துக்கிட்டுப் போ!”

“திருடினா வாபஸ்னு நான் சொல்லலியே மாஸ்டர்! ஏதாவது வியாதின்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா கொண்டாங்க, பார்க்கலாம்.” அவன் சிரித்தான். பின்னால் குட்டிகள் கீச்கீச்சென்று கத்துவது கேட்டது. “புது ஈத்து வந்திருக்கு. ஜோடிக்கு ஒண்ணு தரட்டுமா?”

மாஸ்டர் போனைப் படாரென்று வைத்தார். பொத்தானைக் கூடையிலும், சாட்சிக்குக் காலுறைகளைப் பையிலும் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரம்மாவிடம் புறப்பட்டார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள்.

“திருட்டு வியாதின்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க டாக்டர். இதை வித்தவன் மூஞ்சியிலேயே விட்டெறியணும்.”

“வேண்டாங்க! திருப்பிக் கொடுத்தா அவன் இவளை என்ன பண்ணுவானோ!” என்றாள் மனைவி.

“நீ வாயை மூடு! உன்னாலதான் இவ்வளவும்!”

டாக்டரம்மா இருவரையும் கையமர்த்திவிட்டுப் பொத்தானின் வாயைத் திறந்து பார்த்தார். “பல்லு பாதியைக் காணோமே?”

“பால்பல் விழுந்து முளைக்குதாம். வித்தவன் சொன்னான்.”

டாக்டரம்மா ஈரப் பஞ்சால் மூக்கைச் சுற்றி அழுத்தித் துடைத்தார். பஞ்சு கறுப்பாகிவிட்டது; துடைத்த இடத்தில் முடி நரைத்திருந்தது.

மாஸ்டர் துள்ளிக் குதித்தார். “பார்த்தியா? சாயம் போற சரக்கை நம்ம தலையில கட்டிட்டான்!”

டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, பொத்தானை மல்லாத்திப் படுக்க வைத்து, வயிற்று முடியை விலக்கிக் காட்டினார்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். தைத்ததைப் பிரித்து அதே இடத்தில் மறுபடி தைத்தால் தடம் நிற்கும், எப்பேர்ப்பட்ட தையல்காரனாலும் மறைக்க முடியாது. இங்கே ஒரே கோட்டில் தடத்தின் மேல் தடமாகக் கிடந்தது.

பொத்தான் மெல்லப் புரண்டு எழுந்தது. பை சரிந்து மேஜையில் சிதறிய காலுறைகளில் ஒன்றைப் பல் படாமல் கவ்வி இழுத்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு நக்க ஆரம்பித்தது.

“பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சிருக்காங்களே டாக்டர்!” மாஸ்டரின் குரல் இறங்கிவிட்டிருந்தது. “நாலு மாசக் குட்டி வயித்துல எதை எடுக்கறதுக்கு இத்தனை தையல்?”

டாக்டரம்மா கையுறையை உருவி மேஜைமேல் அடித்தார்.

“குட்டிங்களை எடுக்கறதுக்கு!”