கழற்றக் கூடாத பெல்ட்

எஞ்சின் நின்றுவிட்டது. வள்ளித்தாயால்தான் தலையை நிமிர்த்த முடியவில்லை.

அவள் முடி பெல்ட்டோடு போய், பெல்ட் ஓடுகிற சின்னச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சுட்டுக்கொண்டிருந்த சூப்பர்சார்ஜர் டப்பாவுக்கு நாலு விரல் தள்ளி அவள் கன்னம் இருந்தது. எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணித்து வேகம் ஏற்றுகிற டப்பா அது.

"அசையாதட்டி" என்றான் அண்ணன் சுந்தரபாண்டியன்.

அசைய எங்கே இடம்.

சக்கரத்தைப் பின்னுக்குத் திருப்பிப் பார்த்தான். இன்னும் இறுகியது.

எண்பத்து நாலாம் வருஷத் தை மாசம். இலஞ்சித் தோப்பில் தேங்காய் போட்டுவைக்கிற கொட்டகையை அண்ணனும் அவன் காலேஜ் கூட்டாளி சிவசுப்பிரமணியனும் பிடித்துக்கொண்டு கார் கட்டினார்கள். கார் என்றால் குழாய்ச் சட்டமும் பைக் எஞ்சினும் நாலு சக்கரமும்தான். மெட்ராஸில் ஞாயிற்றுக்கிழமை மாணவர் பந்தயம். எடை குறையட்டும் என்று பெல்ட்டை மூடியிருந்த தகட்டையும் அண்ணன்தான் கழற்றி எறிந்தான்.

பெட்ரோல் ஒழுகுதா பாரு என்று அடுக்களையிலிருந்து அவளைக் கூப்பிட்டதும் அவன்தான்.

வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, முடியை உலர விட்டிருந்தாள். அப்படியே ஓடிவந்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்மேல் குனிந்தாள்.

அதே ஞாயிற்றுக்கிழமை திருவேங்கடத்திலிருந்து அவளுக்குப் பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அக்கா அவள் தலையில் பூ வைத்தால் கல்யாணம் உறுதி. வைக்காமல் எழுந்து போனால் அதுவும் உறுதிதான். ஏற்கெனவே ஒரு வீட்டார் அப்படி எழுந்து போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அப்பா அவளோடு சரியாகப் பேசவே இல்லை.

சிவசுப்பிரமணியன் ஸ்பேனரோடு ஓடிவந்தான். "நாலு போல்ட்டுதாம்லே. டப்பாவைக் கழத்திட்டா முடி தன்னால வந்துரும்."

"கழத்தினா பெல்ட்டோட நேர் தப்பிப்போயிரும். அதை நேராக்க நாம பட்ட பாடு மறந்துபோச்சா? லாரிக்காரர் வேற ஆரன் அடிக்காரு."

கேரளாவிலிருந்து புளியறை வழியாக மரம் ஏற்றிவந்த லாரி. காரையும் மெட்ராஸில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். தோப்புக்கு வெளியே மறுபடியும் ஆரன் கேட்டது.

குனிந்திருந்தவளுக்கு அண்ணனின் கால்கள் மட்டும் தெரிந்தன. போயின. திரும்பி வந்தன. ஸ்பேனரை வாங்கிக்கொண்டான் என்றே நினைத்தாள்.

காதுக்குப் பின்னால் இரும்பு குளிர்ந்தது. தகடு வெட்டுகிற கத்தரி.

"அண்ணே, ஞாயித்துக்கெழமை…"

"மொட்டையடிச்சுக்கோ. திருச்செந்தூருக்கு நேந்துக்கிட்டேன்னு சொல்லு. சாமி காரியம்னா ஒருத்தரும் வாய் தொறக்கமாட்டாங்க."

மழுங்கிய கத்தரி. ஒரே வெட்டில் விடவில்லை. மென்று மென்று அறுத்தது.

நிமிர்ந்தாள். வலப்பக்கம் முடி இடுப்புவரை இருந்தது. இடப்பக்கம் கழுத்தில் காற்று பட்டது.

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. எஞ்சினைக் கிளப்பினான். அந்தச் சின்னச் சக்கரம் சுற்றவே இல்லை. பெல்ட் வழுக்கிக் கத்தியது. கொட்டகை முழுக்க முடி கருகுகிற நாற்றம்.

அணைத்தான்.

சிவசுப்பிரமணியன் டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். வள்ளித்தாயை ஏறிட்டான். பிறகு எஞ்சினிடம் சொல்வதுபோலச் சொன்னான். "சக்கரத்துத் தண்டுல அடிவரைக்கும் சுத்திக் கெடக்குலே. கழத்தாம ஓடாது."

அண்ணன் வெளியே போனான். லாரிக்காரர் குரல் உள்ளே கேட்டது.

"அதுக்கென்ன தம்பி, கழத்தி மாட்டிட்டே வாங்க. நான் ஒரு சாயா குடிச்சிட்டுப் படுக்கேன். பொழுது சாஞ்சு கெளம்பினாப் போதும்."

சூடு ஆறியதும் நாலு போல்ட்டும் கழன்றன. டப்பா அண்ணனின் மடிக்கு வந்தது. தண்டைச் சுற்றி, கிரீஸில் ஊறி, நூல்கண்டுபோல இருந்தது அவள் முடி. அண்ணன் விரலை விட்டுப் பார்த்தான். போகவில்லை.

டப்பாவை அவள் பக்கம் தள்ளினான்.

"உன் வெரல் போகும். ஒண்ணுகூட உள்ள கெடக்காமப் பாத்து எடுட்டி."

வள்ளித்தாய் சம்மணம் போட்டு உட்கார்ந்து எடுக்கத் தொடங்கினாள்.