மேசைமேல் ஒரு முகாம்

டோர்செட் பார்க் கோப்பிக் கடைக் கண்ணாடியில் உருகிய பனி வழிகிறது. உள்ளே, இருபது வருடத்துக்கு முந்திய தாக்குதல் ஒன்று மேசையில் விரிந்திருக்கிறது. கவிழ்த்த கப் இராணுவ முகாம், கலக்கும் குச்சி கடனீரேரி, சீனிப் பக்கற்றுகள் போராளிகள். "தளபதி எழிலோன் காசுக்கு எங்களை வித்தவன்," என்கிறார் அருமைநாயகம். எதிரே இருக்கும் தவராசா வழக்கம்போலத் தலையாட்டுகிறார். புகைப்படம் எதிலும் இல்லாத எழிலோன் தான்தான் என்பதையும், இராணுவத்திடம் பிடிபட்ட மனைவியை மீட்கத்தான் தன் போராளிகளைக் காட்டிக்கொடுத்தார், கிடைத்தது அவளுடைய உடல் என்பதையும் அவர் யாருக்கும் சொன்னதில்லை. தெரிந்தால் இந்த ஊரிலும் அவருக்கு இருக்க இடமில்லை. 'காசுக்கு' என்ற சொல்லைக் கோப்பியோடு விழுங்குகிறார். "சண்டையும் தெரியாதவன். மேற்காலை விட்டு அண்டைக்கு எத்தினை பெடியளைச் சாகக் குடுத்தவன்!" அருமைநாயகம் பக்கற்றுகளை மேற்கே தள்ளுகிறார். தவராசாவின் விரல் தானாக நீண்டு அவற்றை வடக்கே இழுக்கிறது. "மேற்காலை இல்லை. வடக்காலை, கழுத்தளவு தண்ணியுக்குள்ளாலை. அண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லை." அருமைநாயகம் அவர் முகத்தையே பார்க்கிறார். "அதுக்குப் போய்த் தப்பின அத்தினை பேரையும் அவன் பிறகு காட்டிக்குடுத்துச் சாகக் குடுத்திட்டானே. உங்களுக்கு உந்தக் கதையை ஆர் அண்ணை சொன்னது?" தவராசாவால் பக்கற்றிலிருந்து விரலை எடுக்க முடியவில்லை.